ஸ்ரெல்லாவுக்கு நாற்பது சொல்லு

சேசு மரி சூசை துணை

கொழும்புத்துறை,
யாழ்ப்பாணம்.
03.08.1993

என்ரை அன்புத் தங்கச்சி பெர்னடெட்டுக்கு அக்கா லூர்த்தம்மா எழுதிக்கொள்ளுறது.

மாதாவின்ரை கிருபையாலை நானும் உன்ரை அத்தானும் இருக்கிறம். நீயும் உன்ரை மனுசன் சிமியோன் தம்பியும் என்ரை பிள்ளை ஸ்ரெல்லாவும் அதே கிருபைக்குள்ளை இருக்க வேணுமெண்டு காலமையும் பின்னேரமும் கேட்டுக்கொண்டிருக்கிறன்.

இது என்ரை பத்தொன்பதாவது கடிதம். ஒவ்வொண்டுக்கும் நம்பர் போட்டு, என்ன திகதி, ஆரிட்டைக் குடுத்துவிட்டது எண்டு கொப்பியிலை எழுதி வைச்சுத்தான் அனுப்புறன். உன்னையும் நம்பர் போடச் சொன்னது இதுக்குத்தான். உன்ரை பதினோராவது வைகாசியிலை வந்தது. பதின்மூண்டாவது முந்தாநாள் வந்தது. பன்னிரண்டைக் காணேல்லை. கொழும்பிலை கிடக்கோ, கிளாலிக் கடலுக்குள்ளை போச்சோ ஆருக்குத் தெரியும்.

போனது போகட்டும் எண்டு இருக்கலாம். ஆனால் பதின்மூண்டை நீ எப்பிடித் தொடங்கியிருக்கிறாய் எண்டு உனக்கு நினைவிருக்கோ? "போன கடிதத்திலை எழுதின ஸ்ரெல்லாவின்ரை பள்ளிக்கூட விஷயம் இன்னும் அப்பிடியே கிடக்கு, நீங்கள் யோசிக்காதேங்கோ அக்கா." இவ்வளவுதான். அதுக்குப் பிறகு குளிரைப் பற்றி ஒரு பக்கம். என்ன விஷயம் தங்கச்சி? பிள்ளைக்கு வருத்தமோ? ஆரும் அடிச்சதோ? நிறத்தைச் சொல்லிப் பகிடி பண்ணுதுகளோ?

அத்தானுக்கு அதை வாசிச்சுக் காட்டினது என்ரை பிழை. கோட்டைச் சண்டையிலை விழுந்த ஷெல்லாலை இடுப்புக்குக் கீழை உணர்விழந்து மூண்டு வருஷமாப் படுக்கையிலை கிடக்கிற மனுசன், வேறை என்ன வேலை, அந்த ஒரு வரியையே வைச்சு நாள் முழுக்க உருட்டிக்கொண்டு கிடந்தார். "கெட்ட செய்தியைப் பன்னிரண்டிலை போட்டு, ஆறுதலைப் பதின்மூண்டிலை போட்டிருக்கிறாள். எங்களுக்கு ஆறுதல் மட்டும் வந்து சேர்ந்திருக்கு" எண்டார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

பள்ளிக்கூடத்திலை தாய் எண்டு உன்ரை பேர்தான் கிடக்கு, அது எனக்குத் தெரியும். கொழும்பிலை ஏஜென்சிக்காரன் உன்ரை பாஸ்போட்டிலை உன்ரை மகள் எண்டு பிள்ளையை ஏத்தின அண்டைக்கு நான் ஓமெண்டு சொன்னனான். அத்தானை விட்டிட்டு நான் வர ஏலாது, பிள்ளையை இந்த ஷெல்லுக்குள்ளை வைச்சிருக்கவும் ஏலாது. நாலரை வயசுப் பிள்ளையை உன்ரை கையிலை தந்தனான். அதிலை எனக்கு இண்டைக்கும் மனவருத்தம் இல்லை. பேப்பருக்கு அம்மா, வீட்டுக்குள்ளை சின்னம்மா. அதை மட்டும் விட்டிடாதை.

நடந்ததை ஒளிக்காமல் எழுது. தெரியாமல் இருக்கிறதுதான் கொடுமை.

உன்ரை அன்புள்ள அக்கா,
லூர்த்தம்மா


ரொறன்ரோ,
26.09.1993
(பதினாலாவது)

அன்பான அக்காவுக்கு,

உங்கடை கடிதம் நேற்று வந்தது. வேலையாலை வந்து சப்பாத்தும் கழட்டாமல் வாசிச்சன். பன்னிரண்டாவது துலைஞ்சது நல்லதுதான். அது அழுதுகொண்டு எழுதினது. இதை அழாமல் எழுதுறன்.

ஸ்ரெல்லா பள்ளிக்கூடத்திலை கதைக்கிறேல்லை. வருத்தம் ஒண்டும் இல்லை, ஆரும் அடிக்கவும் இல்லை. வீட்டிலை என்னோடை நாலு சொல்லு, சிமியோனோடை இரண்டு சொல்லு. பள்ளிக்கூட வாசலிலை கால் வைச்சால் வாய்க்குப் பூட்டு. பாலர் வகுப்பிலை அப்பிடி, முதலாம் வகுப்பிலும் அப்பிடி. பழகிடும் பழகிடும் எண்டு சொல்லிக்கொண்டிருந்தவை, இப்ப பங்குனிக்குள்ளை வாய் திறக்காட்டில் மூளை வளராத பிள்ளையளின்ரை வகுப்புக்கு மாத்தப்போகினமாம். அக்கா, அவள் கணக்கு முழுக்கச் சரியாச் செய்யிறாள். கேள்வி கேட்டால் மேசையைப் பாத்துக்கொண்டு நிக்கிறாள். அவ்வளவுதான்.

இந்த வருஷம் வந்த ரீச்சர் நல்ல மனுசி. வகுப்பிலை ஒரு கொம்பியூட்டர் வைச்சிருக்கிறா. ரீவி மாதிரி ஒரு பெட்டி. அதிலை சின்னப் பிள்ளையளுக்கெண்டு ஒரு புறோகிராம். பூனைப் படம் வரும், அதுக்குக் கீழை மொழியளின்ரை பேர் வரும். எந்தப் பேரை அமத்தினமோ அந்த மொழியிலை ஒரு குரல் "பூனை" எண்டு சொல்லும், பிறகு இங்கிலீசிலை சொல்லும். பிள்ளையள் காதிலை மாட்டிக்கொண்டு கேப்பினம். வகுப்பிலை இருபத்தாறு பிள்ளையள், பதினொரு மொழி. சோமாலி, வியட்நாம், போத்துக்கீஸ், சீனம், இன்னும் என்னென்னவோ. கண்டியாலை வந்த சிங்களப் பிள்ளை ஒண்டும் இருக்கு, பேர் நிலூகா. ஒவ்வொரு பிள்ளையின்ரை தாயும் போய் நாற்பது சொல்லு மைக்கிலை சொல்லிக் குடுத்தாச்சு. தமிழ் மட்டும்தான் மிச்சம். தாய் எண்டு என்னைத்தான் கூப்பிட்டவ.

நான் போகேல்லை. வேலை எண்டு சாட்டுச் சொன்னன். ஏனெண்டால் என்ரை குரலுக்கு அவள் வாய் திறக்கிறவள் எண்டால் வீட்டிலை எப்பவோ திறந்திருப்பாள். அவளுக்கு உங்கடை குரல் வேணும் அக்கா. கசெற்றிலை பதிஞ்சு அனுப்பினால் ரீச்சர் கொம்பியூட்டருக்குள்ளை ஏத்திவிடுவா. நாற்பது சொல்லும் படத்தோடை இதுக்குள்ளை வைச்சிருக்கிறன். ஒவ்வொரு சொல்லையும் இரண்டு தரம் சொல்லி, நடுவிலை ஐஞ்சு செக்கன் விடுங்கோ. பங்குனிக்கு முதல் வந்து சேர வேணும்.

உங்களுக்கு அங்கை கறண்டும் இல்லை எண்டு தெரிஞ்சுகொண்டுதான் கேக்கிறன். வேறை என்ன செய்யிறதெண்டு எனக்குத் தெரியேல்லை.

உங்கடை தங்கச்சி,
பெர்னடெட்


சேசு மரி சூசை துணை

கொழும்புத்துறை,
19.12.1993
(இருபத்தொண்டாவது)

என்ரை அன்புத் தங்கச்சிக்கு,

பாலன் பிறக்கிற நாள் கிட்டுது. உங்கள் மூண்டு பேருக்கும் அவர் சமாதானம் தரட்டும்.

உன்ரை பதினாலாவது கார்த்திகைக் கடைசியிலைதான் கையிலை கிடைச்சது. அண்டைக்கே வேலை தொடங்கினன். இதோடை கசெற் வருது. கொழும்புக்குப் போற சிஸ்டர் ஒருவ கிளாலியாலை கொண்டு போறா. வள்ளத்துக்குள்ளை தண்ணி அடிக்கும் எண்டு மூண்டு பொலித்தீன் பையிலை சுத்தித் தைச்சிருக்கிறன். பிரிக்கேக்கை கத்தரிக்கோலை ஆழ விட்டிடாதை.

வெறும் கசெற் இஞ்சை தேடினாலும் கிடையாது. வீட்டிலை கிடந்தது பெரிய வெள்ளிக்கிழமைப் பாட்டுக் கசெற். அதிலை அழிபடாமல் இருக்க உடைச்சுவிட்ட மூலைக்குக் கடதாசி அடைச்சு, மாதாவிட்டை மன்னிப்புக் கேட்டு, அதுக்கு மேலைதான் பதிஞ்சது. தன்ரை பிள்ளைக்காக அழுதவதானே, கோவிக்கமாட்டா.

கசெற் பதியிற றேடியோவுக்குப் போடப் பற்றரி இல்லை. பற்றரி எண்ட சாமானையே ஆமிக்காரர் யாழ்ப்பாணத்துக்குள்ளை விடுகினமில்லை. இஞ்சை எல்லாரும் செய்யிற மாதிரிச் செய்தம். சைக்கிளைக் கவிட்டு வைச்சு, பெடலைக் கையாலை சுத்தினால் டைனமோ கறண்டு குடுக்கும். அதிலையிருந்து வயர் இழுத்து றேடியோவுக்குக் குடுக்கிறது. சுத்த வந்தது கனிசியஸ் அண்ணை, அத்தானோடை ஒரே வள்ளத்திலை தொழிலுக்குப் போனவர். கடலுக்கு விடுகினமில்லை எண்டாப் பிறகு அந்த மனுசனுக்கும் வேலை இல்லை, பின்னேரத்திலை வந்து அத்தானோடை கடலைப் பற்றிக் கதைச்சுக்கொண்டிருக்கிறதுதான். சைக்கிள் இரையிற சத்தம் விழுந்திடும் எண்டு அதைக் குசினிக்குள்ளை அடுப்புக்குப் பக்கத்திலை வைச்சம். நான் அத்தானின்ரை கட்டிலடியிலை இருந்தன்.

ஐஞ்சு செக்கன் விடச் சொன்னாய். மணிக்கூடும் நிண்டு போச்சு. நானா ஒரு அளவு கண்டுபிடிச்சன். ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டு மனசுக்குள்ளை "அருள் நிறைந்த மரியே வாழ்க, கர்த்தர் உம்முடனே" எண்டு ஆறுதலாச் சொன்னால் சரியா வரும். ஆனபடியால் தங்கச்சி, அந்தக் கசெற்றிலை சத்தமில்லாமல் கிடக்கிற இடமெல்லாம் செபம். ரீச்சருக்கு அதைச் சொல்லத் தேவையில்லை.

படங்களிலை எங்களுக்குக் கொஞ்சம் தகராறு. பதினேழாவது மீன். அத்தான் கடதாசியைப் பிடிச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்தார். "இது என்ன மீனடியப்பா? உப்பிடி ஒரு செட்டை எந்தக் கடலிலை இருக்கு? கீறினவன் மீன் தின்னாதவன்" எண்டார். இருபத்தாறாவது, வெள்ளையாக் கொட்டிக் கிடக்கு, பனி எண்டு எழுதியிருக்கிறாய். பனி எண்டால் எனக்கு மார்கழியிலை புல்லிலை நிக்கிறதுதான். அதை நினைச்சுத்தான் சொன்னன். பிழையோ தெரியாது.

முப்பதாவது "குடை". அதைச் சொல்லி முடிக்கக் குசினிக்குள்ளை இருந்து, "கை கழருது மச்சாள், கெதியாச் சொல்லு!" எண்டு ஒரு சத்தம். அத்தான் இஞ்சையிருந்து, "இவன் வலை இழுக்கேக்கையும் உப்பிடித்தான்" எண்டார். நல்லகாலம், அதுக்குள்ளை நான் பதியிறதை நிப்பாட்டினதாலை அத்தானின்ரை குரல் மைக்கிலை விழேல்லை. கனிசியஸ் அண்ணையின்ரை விழுந்திட்டுது. நான் குடையை இன்னொருக்காச் சொல்லியிருக்கிறன், முதல் குடையை வெட்டிவிடச் சொல்லு.

முடிஞ்ச கையோடை கடைசிப் பத்துச் சொல்லை மட்டும் போட்டுக் கேட்டம். நல்லா வந்திருக்கு. "பூசையிலை வாசகம் வாசிக்கிற மாதிரி வாசிச்சிருக்கிறாய்" எண்டு அத்தான் பகிடி பண்ணினார். நான் ஐஞ்சாம் வகுப்போடை நிண்டவள், செபப் புத்தகத்தைப் பாத்துப் பாத்துத் தானாப் படிச்சவள், வேறை எப்பிடி வாசிப்பன்?

நாற்பதாவது "அம்மா". அதை மட்டும் மூண்டு தரம் சொல்லிப்போட்டன். நீ இரண்டு எண்டுதான் சொன்னனி. மன்னிச்சுக்கொள்.

அதுக்குப் பிறகும் நாடா மிச்சம் கிடந்தது, சுத்திக்கொண்டிருந்தது. பிள்ளையின்ரை பேர் வாய் வரைக்கும் வந்தது. பள்ளிக்கூடத்திலை எல்லாரும் கேக்கப்போற கசெற் எல்லே, ஆரும் தமிழ் தெரிஞ்ச ஆள் கேட்டால் பேப்பர் விஷயம் பிழைச்சுப் போகும். வாயை மூடிக்கொண்டு இருந்தன். அத்தான் என்னையே பாத்துக்கொண்டிருந்தார்.

பங்குனிக்குள்ளை கிடைக்க வேணும் எண்டு அந்தோனியாருக்குச் செவ்வாய்க்கிழமைகளிலை ஒருநேரச் சாப்பாட்டோடை ஒருசந்தி பிடிக்கிறன்.

உன்ரை அன்புள்ள அக்கா,
லூர்த்தம்மா


ரொறன்ரோ,
02.03.1994
(பதினாறாவது)

அன்பான அக்காவுக்கு,

கசெற் மாசி பத்தாம் திகதி கிடைச்சது! இனி நடந்ததை வரிசையாச் சொல்லுறன், கோவிக்காமல் கேளுங்கோ.

வீட்டிலை போடாமல் நேரை பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனன். கொம்பியூட்டரிலை ஏத்திறதுக்கு முதல் கேட்டால் அழுதிடுவன் எண்ட பயம். ரீச்சர் போட்டா. முதல் பத்துச் சொல்லு ஆம்பிளைக் குரல் மாதிரித் தடிப்பா வந்தது. நடுவிலை கொஞ்சம் நீங்கள் மாதிரி. முப்பதுக்குப் பிறகு குரல் ஏறிக்கொண்டே போகுது அக்கா. முடிவிலை கிளிக்குஞ்சு கத்திற மாதிரிக் கீச்சுக் கீச்செண்டு ஓடுது.

சிமியோன் பிறகு விளங்கப்படுத்தினார். கனிசியஸ் அண்ணை தொடக்கத்திலை வேகமாச் சுத்தியிருக்கிறார், போகப்போகக் களைச்சிட்டார். கறண்டு குறைஞ்சு நாடா ஆறுதலா ஓடேக்கை பதிஞ்சிருக்கு. இஞ்சை சரியான கறண்டிலை போட்டால் அது ஓட்டமாய் ஓடுது. நீங்கள் போட்டுக் கேக்கேக்கையும் அந்த மனுசன் களைச்ச கையாலை அதே மாதிரிச் சுத்தினதாலை உங்களுக்குச் சரியாக் கேட்டிருக்கு.

ரீச்சர் என்ரை முகத்தைப் பாத்திட்டு, பரவாயில்லை, நல்லது வரும் வரைக்கும் இது கிடக்கட்டும் எண்டு ஏத்திவிட்டா. அவவுக்குத் தமிழ் தெரியாதுதானே, வெட்டவேண்டியதையும் வெட்டேல்லை. இப்ப அந்த வகுப்பிலை குடைப் படத்தை அமத்தினால் "குடை, கை கழருது மச்சாள்" எண்டு வரும். சோமாலிப் பொடியங்கள் மழை பெய்தால் அதைச் சொல்லிக்கொண்டுதான் வெளிக்கிடுறாங்களாம்.

இனித்தான் விஷயம். பிள்ளையள் எல்லாம் தமிழை அமத்த வரிசையிலை நிண்டிருக்குதுகள். நாற்பதாவது படத்தை நிலூகா அமத்தியிருக்கிறாள். அந்தக் கீச்சுக் குரல், "அம்மா, அம்மா, அம்மா." அந்தப் பிள்ளை குழம்பிப் போய், எங்களுக்கும் இது அம்மாதான் எண்டிருக்கிறாள். ஸ்ரெல்லா சிரிச்சிட்டாளாம் அக்கா. சத்தம் போட்டு, வயித்தைப் பிடிச்சுக்கொண்டு. மூண்டு வருஷத்திலை அந்தப் பள்ளிக்கூடம் அவளின்ரை சத்தத்தைக் கேட்டது அண்டைக்குத்தான். சிரிச்சுப்போட்டு நிலூகாவைப் பாத்து, இன்னொருக்கா அமத்து எண்டு இங்கிலீசிலை சொன்னாளாம். ரீச்சர் எனக்கு வேலைக்குப் ஃபோன் எடுத்து அழுதா.

இப்ப இரண்டு பேரும் பக்கத்திலை பக்கத்திலைதான். ஸ்ரெல்லா அந்தக் குரல் மாதிரியே பேசிக் காட்டுவாள், மற்றதுகள் விழுந்து விழுந்து சிரிக்குங்கள். வகுப்பு மாத்திற கதையை நிப்பாட்டியாச்சு.

அது ஆற்றை குரல் எண்டு நான் அவளுக்குச் சொல்லேல்லை அக்கா. அவள் சிரிச்சுக்கொண்டு வந்து எனக்கும் பேசிக் காட்டினாள்.

ஏலுமெண்டால் இன்னொரு கசெற் பதிஞ்சு அனுப்புங்கோ.

பெர்னடெட்


சேசு மரி சூசை துணை

கொழும்புத்துறை,
08.05.1994
(இருபத்துநாலாவது)

என்ரை தங்கச்சிக்கு,

மாதாவுக்குத் தோத்திரம். பிள்ளை வாய் திறந்திட்டாள். உன்ரை கடிதத்தை வாசிச்ச உடனை கோயிலுக்குப் போய் முழந்தாளிலை நிண்டு நன்றி சொன்னன். நான் கேட்டதைத் தந்திருக்கிறா. எப்பிடித் தர வேணும் எண்டு நான் சொல்லேல்லைத்தானே.

கனிசியஸ் அண்ணைக்கு வாசிச்சுக் காட்டியிருக்கக் கூடாது. மூண்டு நாள் இந்தப் பக்கம் வரேல்லை. நாலாம் நாள் வந்து வாசலிலை நிண்டுகொண்டு, "மச்சாள், நான் சீராச் சுத்தியிருந்தால் பிள்ளைக்கு உங்கடை குரல் கேட்டிருக்கும்" எண்டார். அத்தான்தான், "நீ சீராச் சுத்தியிருந்தால் அவள் சிரிச்சிருக்க மாட்டாளடா, வந்து இரு" எண்டு கூப்பிட்டவர். அவர் போனாப் பிறகு அத்தான் என்னட்டைக் கேட்டது வேறை. "தாயின்ரை குரலைக் கேட்டுச் சிரிச்சவள், தாய் எண்டு தெரிஞ்சால் என்ன செய்வாள்?"

இன்னொரு கசெற் கேட்டிருக்கிறாய். தேடுறன். ஆழ்வாப்பிள்ளையர் கடையிலை சொல்லி வைச்சிருக்கு, அச்சுவேலியிலையும் விசாரிக்கிறம். கிடைச்சால் நாலு பேரை மாத்தி மாத்திச் சுத்த விடலாம் எண்டு கனிசியஸ் அண்ணை சொல்லுறார். அது எப்ப நடக்குமோ தெரியாது.

ஆனால் அதுக்கு முதல் ஒரு வேலை செய். அது அம்மாவின்ரை குரல் எண்டு பிள்ளைக்குச் சொல்லு. பள்ளிக்கூடத்திலை வேண்டாம். வீட்டிலை, கதவைச் சாத்திப்போட்டு, மடியிலை வைச்சுச் சொல்லு. அம்மாவின்ரை குரல் உப்பிடி இல்லை, கறண்டு பிழை, அம்மா சாதாரணமாத்தான் கதைக்கிறவ எண்டு சொல்லு. சிரிச்சதுக்கு ஏசாதை. எனக்குக் கோவம் இல்லை எண்டு சொல்லு.

தங்கச்சி, நான் உன்னட்டை இதுவரைக்கும் ஒண்டும் கேட்டதில்லை. கொப்பியைப் புரட்டிப் பாத்திட்டுத்தான் எழுதுறன். இருபத்துமூண்டு கடிதத்திலையும் கேட்டது பிள்ளையின்ரை சுகம் மட்டும்தான். இது ஒண்டைச் செய். வீட்டிலை இப்பவும் உன்னைச் சின்னம்மா எண்டுதானே கூப்பிடுறாள்? போன கடிதத்திலும் கேட்டனான், நீ அதுக்கு மட்டும் மறுமொழி எழுதேல்லை.

உன்ரை அன்புள்ள அக்கா,
லூர்த்தம்மா


ரொறன்ரோ,
17.07.1994
(பதினெட்டாவது)

அக்கா,

இதை நான் நாலு தரம் எழுதிக் கிழிச்சிட்டன்.

உங்கடை கடிதம் வாறதுக்கு முதலே ஒண்டு நடந்து போச்சு. சித்திரையிலை பெற்றார் கூட்டத்துக்குப் போனன். ரீச்சர் ஸ்ரெல்லாவைப் பக்கத்திலை வைச்சுக்கொண்டு கேட்டா, "இந்தத் தமிழ்க் குரல் ஆற்றை?" எண்டு. ஸ்ரெல்லா என்ரை முகத்தைப் பாத்தாள். அவளுக்கும் அறிய ஆசை. அந்த ரீச்சர் நல்லவதான், ஆனால் எல்லாத்தையும் ஃபைலிலை எழுதிறவ. எங்கடை சிற்றிசன் பேப்பர் போயிருக்கு, ஐப்பசியிலை விசாரணை. பிள்ளை எங்கடையில்லை எண்டு ஒரு சொல்லு வெளிக்கிட்டால் மூண்டு பேரையும் திருப்பி அனுப்பிப்போடுவினம் எண்டு சிமியோன் நித்திரை கொள்ளுறேல்லை.

நான் சொன்னன், "அது என்ரை அக்கா. ஸ்ரெல்லாவின்ரை பெரியம்மா."

வீட்டை வரும் வழியிலை அவள் கேட்டாள், "எனக்குப் பெரியம்மா இருக்கிறாவோ?" நான் ஓமெண்டன்.

பேப்பருக்குப் பயந்துதான் சொன்னன் எண்டு முடிச்சால் நீங்கள் நம்புவியள். ஆனால் அது முழு உண்மை இல்லை அக்கா. பள்ளிக்கூடத்தாலை வந்து, நான் சமைக்கேக்கை காலைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நாள் முழுக்க நடந்ததைச் சொல்லுறாள். இப்ப வாய் ஓயாது. உயிர்த்த ஞாயிறிலை இருந்து வீட்டிலும் என்னை அம்மா எண்டுதான் கூப்பிடுறாள். நான் சொல்லிக் குடுக்கேல்லை. திருத்தவும் இல்லை. முதல் நாள் திருத்தியிருக்க வேணும். அண்டைக்கு எனக்கு அது கேக்க வேணும்போலை இருந்தது. எனக்குப் பிள்ளை இல்லை எண்டு உங்களுக்குத் தெரியும்.

உங்களை அவளுக்கு நினைவில்லை அக்கா. அல்பத்திலை இருக்கிற படத்தைக் காட்டிக் கேட்டுப் பாத்தன். வடிவான அன்ரி எண்டாள்.

வைகாசியிலை ரீச்சர் திரும்பக் கேட்டபடியால் நான் போய் நாற்பது சொல்லும் என்ரை குரலிலை குடுத்திட்டன். பழையதை அழிச்சாச்சு. பிள்ளையளுக்குத்தான் கவலை.

நீங்கள் சொல்லுறபடி செய்யிறன். சொல்லு எண்டால் கதவைச் சாத்திப்போட்டு மடியிலை வைச்சுச் சொல்லுறன். அவள் பள்ளிக்கூடத்திலை போய்ச் சொன்னாலும் பரவாயில்லை. நீங்கள் ஒரு சொல்லு எழுதுங்கோ, அது போதும்.

பெர்னடெட்


சேசு மரி சூசை துணை

கொழும்புத்துறை,
30.09.1994

அன்புள்ள பெர்னடெட்டுக்கு,

ஐப்பசி விசாரணைக்கு முதல் இது உன்ரை கையிலை கிடைக்க வேணும் எண்டு நாளைக்கு வெளிக்கிடுற ஒரு ஆளிட்டைக் குடுக்கிறன். அதாலை சுருக்கமா எழுதுறன்.

உன்ரை கடிதம் வந்து பத்து நாள். அத்தானுக்கு வாசிச்சுக் காட்டேக்கை பெரியம்மா எண்ட இடத்தைத் தாண்டினன். "நீ ஒரு வரி விட்டிட்டாய், மூச்சு மாறிச்சுது" எண்டார். திரும்ப வாசிச்சன்.

கோயிலுக்குப் போனன். மாதா முன்னாலை நிண்டன். பிள்ளைக்குச் சொல்ல வை எண்டு கேக்கிறதோ, சொல்லாமல் விடப் பலம் தா எண்டு கேக்கிறதோ தெரியேல்லை. வேதப் புத்தகத்திலை ஒரு பிள்ளைக்காக ராசாவிட்டைப் போன இரண்டு பொம்பிளையளை நினைச்சன், அத்தானுக்கும் சொன்னன். "அதிலை விட்டுக் குடுத்தவளுக்கு ராசா பிள்ளையைத் திருப்பிக் குடுத்தவர்" எண்டார். "எங்களுக்கு ஆரடியப்பா ராசா?"

பெர்னடெட், சொல்லாதை. விசாரணை முடியும் வரைக்கும் எண்டு நான் எழுதலாம். பிறகு நீ ஒரு நாள் சொல்லுவாய் எண்டு நான் இஞ்சை காத்துக்கொண்டிருப்பன், நீ அங்கை பயந்துகொண்டிருப்பாய். பிள்ளை இரண்டு பேருக்கும் நடுவிலை திரும்பவும் மேசையைப் பாத்துக்கொண்டு நிப்பாள். இப்பதானே வாய் திறந்தவள்.

நீ அவளை எடுத்திட்டாய் எண்டு நான் நினைக்கேல்லை. ஒரு கிழமை நினைச்சனான். பொய் சொல்லக் கூடாது. பிறகு, காலைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு கதைக்கிறாள் எண்டு நீ எழுதின இடத்தைத் திரும்பத் திரும்ப வாசிச்சன். நாலு வயசிலும் என்ரை காலை அப்பிடித்தான் பிடிக்கிறவள். அந்தப் பழக்கம் போகேல்லை. அது எனக்குப் போதும்.

அத்தான் சம்மதிக்கேல்லை. நான் எழுதப்போறதைச் சொன்னன். "நீ விருப்பமெண்டால் எழுது. என்னைப் பெரியப்பா எண்டு மட்டும் எழுதிப்போடாதை. செத்துப்போனான் எண்டு வேணுமெண்டால் எழுது" எண்டார். ஆனபடியால் அவரைப் பற்றி ஒண்டும் எழுதேல்லை.

சளி பிடிச்சால் உன்ரை மகளுக்கு இழுப்பு வரும். நெஞ்சுக்குத் தைலம் பூசேக்கை முதுகுக்கும் பூசு. இருட்டிலை தனியப் படுக்க விடாதை.

கீழை உள்ளதை அவளுக்கு வாசிச்சுக் காட்டு. வாசிக்கேக்கை அழாதை, சின்னப் பிள்ளையள் உடனை பிடிச்சிடுங்கள்.

அக்கா

அன்புள்ள ஸ்ரெல்லாவுக்கு,

நான் உன்ரை அம்மாவின்ரை அக்கா. கடலுக்குப் பக்கத்திலை இருக்கிறன். நீ நல்லாக் கதைக்கிறாய் எண்டு அம்மா எழுதினவ, எனக்கு நல்ல சந்தோஷம். நிலூகாவையும் நான் கேட்டதாச் சொல்லு. குளிருக்குள்ளை தலையை மூடிக்கொண்டு போ. செபம் சொல்லாமல் படுக்காதை. அம்மா வேலையாலை களைச்சு வருவா, அவவைக் கரைச்சல் படுத்தாதை.

இப்படிக்கு,
உன்ரை பெரியம்மா
லூர்த்தம்மா